இரவு வானத்தை டைம்லாப்ஸ் எடுக்கிறீர்களா? பாசிர் கூடாங்கில் உங்கள் வீடியோ ஒரு சாட்சியாகவும் மாறலாம்

பன்னிரண்டு வினாடி வீடியோ. கீழே ஜொகூர் நீரிணை. கப்பல் விளக்குகள் தண்ணீரில் கோடு இழுத்தபடி நகர்கின்றன. துறைமுகத்தின் பளுதூக்கிகள் பொம்மை மாதிரி மேலும் கீழும் ஆடுகின்றன. மேலே மேகங்கள் வேகமாக ஓடுகின்றன. பின்னணியில் மெல்லிய இசை.

இப்படி ஒரு வீடியோவை டிக்டாக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நிச்சயம் பார்த்திருப்பீர்கள். நீங்களே எடுத்தும் இருக்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இரவு பதினொரு மணிக்கு மேகம் ஏன் ஆரஞ்சாகவும் வெள்ளையாகவும் தெரிகிறது? அதற்கு மேலே இருக்க வேண்டிய நட்சத்திரங்கள் எங்கே போயின?

பதில் நமக்குத் தெரிந்ததுதான். பாசிர் கூடாங் ஒரு தொழில் நகரம். துறைமுகம், பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மின் நிலையம் என எல்லாமே இரவு முழுக்க வேலை செய்கின்றன. நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். ஆனால் வெளிச்சம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், நம்மிடம் சொல்ல ஓர் எண் இல்லை. அழகுக்காக நீங்கள் எடுக்கும் டைம்லாப்ஸ் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும். அதற்கு அதைக் கொஞ்சம் நேர்மையாக எடுக்க வேண்டும்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்?

2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. அதில் ஒன்பது முக்கிய வட்டாரங்கள் இருக்கின்றன. பாசிர் கூடாங் அதில் ஒன்று. பக்கத்தில் உள்ள பெங்கேராங்கும் தெசாருவும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது, இன்றைக்கு ஜொகூரின் தென்கிழக்கில் ஓரளவு இருட்டாக மிச்சமிருக்கும் கடற்கரையும் இந்த வளர்ச்சித் திட்டத்துக்குள் வந்துவிட்டது.

வேலை வரும், முதலீடு வரும். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் புதிய ஆலை, புதிய கிடங்கு, புதிய சாலை என்று எது வந்தாலும் கூடவே விளக்குகளும் வரும். பத்து வருஷம் கழித்து, "முன்னாடி இவ்வளவு வெளிச்சம் இல்லையே" என்று நீங்கள் சொன்னால், "எவ்வளவு இருந்தது?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதற்குப் பதில் வேண்டும் என்றால் 'முன்னாடி' எப்படி இருந்தது என்பதை இப்போதே பதிவு செய்ய வேண்டும்.

காற்றுக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறது. பாசிர் கூடாங்கில் காற்றுத் தரத்தை அளக்கும் நிலையம் உண்டு. புகைமூட்டக் காலத்தில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பிள்ளைகளை வெளியே விளையாட விடலாமா என்று முடிவு செய்கிறோம். இரவு வானத்தின் வெளிச்சத்துக்கு அதுபோல நாம் தினமும் திறந்து பார்க்கிற எண் எதுவும் கிடையாது.

டைம்லாப்ஸில் உண்மையில் என்ன நடக்கிறது?

டைம்லாப்ஸ் என்பது வேகமாக ஓட்டப்பட்ட வீடியோ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வரிசையாக எடுக்கப்பட்ட தனித்தனிப் படங்கள். ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீடியோவில் ஒரு வினாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 வினாடி வீடியோவுக்கு 300 படங்கள் தேவை. இரவில் ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் ஷட்டர் 15 வினாடி திறந்திருக்க வேண்டும். அடுத்த படத்துக்கு முன் ஐந்து வினாடி இடைவெளி. அப்படியானால் 20 வினாடிக்கு ஒரு படம். 300 படங்களுக்கு 6,000 வினாடி, அதாவது 100 நிமிடம்.

இந்த 100 நிமிடத்தில் பூமி சுமார் 25 டிகிரி சுழன்றிருக்கும். வீடியோவில் நட்சத்திரங்கள் அவ்வளவு தூரம் நகர்ந்து தெரியும். நாம் பார்ப்பது நிஜத்தைவிட 500 மடங்கு வேகம். இந்த 500 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கேமரா இருந்தால் அகல லென்ஸ், எஃப் 2.8 போன்ற பெரிய துளை, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை என்பது இருண்ட வானத்துக்கான வழக்கமான தொடக்கம். பாசிர் கூடாங் மாதிரி வெளிச்சமான ஊரில் இதே அளவு வைத்தால் படம் வெளுத்துப் போகும். ஐஎஸ்ஓவைக் குறைக்க வேண்டியிருக்கும். எவ்வளவு குறைக்க வேண்டியிருக்கிறது என்பதே உங்கள் வானம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதற்கு முதல் அறிகுறி. போனில் எடுப்பவர்கள், ஷட்டர் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் நாமே வைக்கக்கூடிய மோடு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். எதுவானாலும் முக்காலி கட்டாயம்.

இன்னொரு உள்ளூர்ப் பிரச்சினை ஈரப்பதம். நம் ஊரில் அரை மணி நேரத்திலேயே லென்ஸில் பனித்துளி படியலாம். வீடியோவின் பின்பாதி மங்கலாகி, 'மேகம் வந்துவிட்டது' என்று நினைக்க வைக்கும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சின்ன ஹீட்டர் பட்டை கிடைக்கிறது. பவர் பேங்கிலேயே ஓடும்.

நம் வானம் இணையத்தில் சொல்லப்படும் வானம் இல்லை

யூடியூப் பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ எடுக்கப்பட்டவை. பாசிர் கூடாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் ஒன்றரை டிகிரியில் இருக்கிறது. அதனால் சில விஷயங்கள் மாறும்.

முதலாவது, துருவ நட்சத்திரம். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் அங்கே தெரியும். சென்னையில் சுமார் 13 டிகிரி. லண்டனில் 51 டிகிரிக்கு மேல். பாசிர் கூடாங்கில் ஒன்றரை டிகிரி. அது அடிவானத்தின் மூட்டத்திலும் கட்டடங்களுக்குப் பின்னாலும் மறைந்துவிடும்.

இதில் ஒரு செய்தி ஆசிரியரின் தந்திரமும் இருக்கிறது. "நேற்று இரவு பாசிர் கூடாங்" என்று ஒரு வீடியோ வருகிறது. அதில் நட்சத்திரங்கள் வானத்தின் நடுவே ஒரு புள்ளியை முழு வட்டமாகச் சுற்றி வருகின்றன. அது இங்கே எடுத்ததாக இருக்க முடியாது. இங்கிருந்து வடக்கே பார்த்தால் அடிவானத்தை மையமாகக் கொண்ட அரை வட்டங்கள்தான் தெரியும். கிழக்கே பார்த்தால் நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக மேலே ஏறும். பெரும்பாலும் வேறு நாட்டு வானத்தை வெட்டி, நம் ஊர்க் கட்டடத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள்.

இரண்டாவது, ஷட்டர் நேரம். '500 விதி' என்று ஒன்று சொல்வார்கள். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் வினாடி வரை நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும் என்பது கணக்கு. 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சுமார் 20 வினாடி. ஆனால் துருவத்துக்கு அருகே உள்ள நட்சத்திரங்கள் படத்தில் மெதுவாக நகரும், வான நடுக்கோட்டில் உள்ளவை வேகமாக நகரும். நம் தலைக்கு மேல் இருப்பது அந்த நடுக்கோடுதான். அதனால் இங்கே 20 வினாடிக்குப் பதில் 12 அல்லது 15 வினாடி வைப்பது நல்லது.

மூன்றாவது, பால்வீதி. அதன் பிரகாசமான மையப் பகுதி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரவு பத்து மணி வாக்கில் நமக்குத் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். லண்டனில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. ஆனால் பாசிர் கூடாங்கிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? சிங்கப்பூரின் மையப் பகுதி. நமக்குக் கிடைத்த மிக நல்ல வானமும் மிக மோசமான வெளிச்சமும் ஒரே திசையில் இருக்கின்றன.

வானம் எவ்வளவு மாறியிருக்கிறது?

2016இல் விஞ்ஞானிகள் குழு ஒன்று உலகின் செயற்கை வான வெளிச்ச வரைபடத்தை வெளியிட்டது. உலக மக்களில் 83 விழுக்காட்டினர் ஒளி மாசு படிந்த வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் தங்கள் வீட்டிலிருந்து பால்வீதியைப் பார்க்கவே முடியாது என்றும் அது சொன்னது. நாடுகளில் ஒளி மாசு மிக அதிகம் என்று அதில் வந்தது சிங்கப்பூர். அங்கே முழு மக்கள்தொகையும், கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறது.

வெளிச்சத்துக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. அங்கே எரிவது இங்கே தெரியும். இங்கே எரிவதும் அங்கே தெரியும்.

2023இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் கவலை தரக்கூடியது. 2011 முதல் 2022 வரை, உலகம் முழுக்கப் பொதுமக்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்த நட்சத்திரங்களை வைத்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். இன்று 250 நட்சத்திரம் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்கு, 18 வயதாகும்போது சுமார் 100 மட்டுமே தெரியும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. நம் மாதிரி வேகமாக வளரும் வட்டாரங்களிலிருந்து வந்தவை குறைவு. அதனால் இந்த 9.6 என்ற எண்ணை அப்படியே எடுத்துப் பாசிர் கூடாங் மேல் போட முடியாது. இங்கே கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

இரண்டு, செயற்கைக்கோள்கள் இவ்வளவு வேகமான மாற்றத்தைக் காட்டவில்லை. 2012 முதல் 2016 வரையான செயற்கைக்கோள் அளவீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு வளர்ச்சிதான் தெரிந்தது. ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம், இரவு வெளிச்சத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் செயற்கைக்கோள் கருவிக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது. பழைய ஆரஞ்சு சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டால், அதில் நீல ஒளி அதிகம். காற்றில் அது அதிகம் சிதறும். கீழே இருந்து பார்க்கும் நம் கண்ணுக்கு வானம் வெளுத்துப் போகும். மேலே இருக்கும் கருவிக்கோ வெளிச்சம் குறைந்ததுபோலக்கூடத் தோன்றலாம். இன்னொரு காரணம், பக்கவாட்டில் வீசும் விளம்பரப் பலகை வெளிச்சமும் கட்டட முகப்பு வெளிச்சமும் நேர் மேலே போகாமல் நம் வானத்திலேயே பரவுவது.

அதனால்தான் தரையிலிருந்து எடுக்கும் படத்துக்கு மதிப்பு இருக்கிறது. வானத்தைக் கீழிருந்து பார்ப்பது நாம்தான்.

நம் ஊரில் மேகமும் ஒரு பங்கு வகிக்கிறது. பெர்லினில் செய்த ஓர் அளவீட்டில், மேகம் மூடிய இரவில் நகரத்தின் வானம் தெளிந்த இரவைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சமாக இருந்தது. ஊர் வெளிச்சத்தை மேகம் கண்ணாடி மாதிரி திருப்பிக் கீழே அனுப்புகிறது. வருஷத்தில் பாதி நாள் மேகம் சூழ்ந்திருக்கும் நம் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

'வெளிச்சம் இருந்தால்தானே பாதுகாப்பு?'

நியாயமான கேள்வி. இரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவரிடம் போய் விளக்கை அணைக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. துறைமுகத்திலும் ஆலையிலும் வெளிச்சம் இல்லாவிட்டால் உயிர் போகும்.

ஆனால் தேவையான இடத்தில் விழும் வெளிச்சமும், வீணாக மேலே போகும் வெளிச்சமும் ஒன்று இல்லை. மூடி போட்டுத் தரையை நோக்கித் திருப்பிய விளக்கு சாலையைக் காட்டும். மூடியில்லாத விளக்கு ஓட்டுநரின் கண்ணைக் கூச வைக்கும், வானத்தையும் நிரப்பும். மின்கட்டணம் இரண்டுக்கும் உண்டு. ஆள் இல்லாத கார் நிறுத்துமிடத்தில் விடிய விடிய எரியும் விளக்கால் யாருக்குப் பாதுகாப்பு?

மனிதர்கள் மட்டும் இல்லை. ஜொகூர் ஆற்றில் மேலே போனால் கோத்தா திங்கி. அங்கே சதுப்பு மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவதைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் படகில் போகிறார்கள். அந்த மினுக்கல்தான் ஆண் மின்மினி இணையை அழைக்கும் மொழி. சுற்றிலும் வெளிச்சம் கூடினால் அந்த அழைப்பு எடுபடாது.

டைம்லாப்ஸ் பொய் சொல்லுமா?

சொல்லும். பல நேரம் எடுத்தவருக்கே தெரியாமல்.

ஆலைகளின் உயரமான குழாய் முனையில் எரியும் தீயைப் பார்த்திருப்பீர்கள். மிஞ்சும் வாயுவைப் பாதுகாப்பாக எரித்து வெளியேற்றும் ஏற்பாடு அது. தீ தெரிந்தாலே விபத்து என்று அர்த்தம் இல்லை. சில நாள் அது பெரிதாக எரியும், சில நாள் தெரியவே தெரியாது.

இப்போது அந்தத் தீயை டைம்லாப்ஸில் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஷட்டர் 15 வினாடி திறந்திருக்கிறது. அந்த 15 வினாடியில் தீ இடது, வலது, மேல், கீழ் என ஆடிய எல்லா இடமும் ஒரே படத்தில் பதிந்துவிடும். தீ நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அடுத்து, நாம் முன்பு பார்த்த 500 மடங்கு வேகம். 50 நிமிடத்தில் மெதுவாகக் கூடிக் குறைந்த தீ, வீடியோவில் ஆறு வினாடியில் பொங்கி அடங்கும். பார்ப்பவருக்கு அது வெடிப்பு மாதிரி இருக்கும்.

அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் "பாசிர் கூடாங்ல ஃபாக்டரி வெடிச்சிருச்சு, எல்லாரும் ஜாக்கிரதை" என்ற குரல் பதிவோடு சுற்றினால்? இங்கே அது வெறும் வதந்தியாக முடியாது. 2019 ஏப்ரல் 12 அதிகாலை பெங்கேராங் எண்ணெய் வளாகத்தில் நிஜமாகவே வெடிப்பு நடந்தது. அதிர்வு தூரம்வரை உணரப்பட்டது. மக்கள் பயப்படக் காரணம் இருக்கிறது. அதனாலேயே, எடுப்பவருக்குப் பொறுப்பு கூடுதல்.

எதிர்ப் பக்கமும் உண்டு. எடிட்டிங் செயலியில் மூட்டத்தை நீக்கும் ஒரு பட்டனைத் தட்டினால் வானத்தின் ஆரஞ்சு படலம் காணாமல் போகும். நிற வெப்பநிலையை மாற்றினால் அழுக்குப் பழுப்பு அழகான நீலமாகும். வீடியோ அழகாகும். ஆனால் அதிலிருந்து பாசிர் கூடாங் நீங்கிவிடும்.

அழகுபடுத்துவது தவறு என்று சொல்லவில்லை. அழகுக்கு ஒரு பிரதி, பதிவுக்கு ஒரு பிரதி என இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் விஷயம்.

ஓர் ஊர் இதைச் செய்து காட்டியிருக்கிறது

டைம்லாப்ஸ் சாட்சியாகுமா என்று சந்தேகம் இருந்தால், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைப் பாருங்கள். அதுவும் ஒரு தொழில் நகரம். அதன் அருகே நெவில் தீவில் ஷெனாங்கோ என்ற கோக் ஆலை இருந்தது. எஃகு உருக்கத் தேவையான கோக் கரியை அங்கே தயாரித்தார்கள். புகை பற்றிச் சுற்றுவட்டார மக்கள் நீண்ட காலம் புகார் சொல்லி வந்தார்கள். எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டால் கையில் ஆதாரம் இல்லை.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று அவர்களோடு சேர்ந்து ஆலையை நோக்கிக் கேமராக்களைப் பொருத்தியது. 2015இல் படங்கள் தொடர்ச்சியாக இணையத்தில் வரத் தொடங்கின. யார் வேண்டுமானாலும் எந்த நாளுக்கும் எந்த நேரத்துக்கும் போய்ப் பார்க்கலாம். புகை வந்த நேரங்களைக் குடியிருப்பாளர்களே தேடி எடுத்துச் சிறு அசைபடங்களாக்கி, காற்றுத் தர அளவீடுகளோடு சேர்த்து அதிகாரிகள் முன் வைத்தார்கள். ஆலை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. எஃகுச் சந்தை சரிந்ததே காரணம் என்று நிறுவனம் சொன்னது. வீடியோதான் ஆலையை மூடியது என்று நாமும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படங்களால் ஒன்று நடந்தது. 'புகை வருகிறதா இல்லையா' என்ற வாதம் முடிந்துபோய், 'அதற்கு என்ன செய்வது' என்ற பேச்சு தொடங்கியது.

பாசிர் கூடாங்குக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2019 மார்ச்சில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. முதலில் அறிந்தது எந்தக் கருவியும் இல்லை. பாசிர் பூத்தே பள்ளிகளில் மூச்சுத் திணறிய பிள்ளைகள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஊரைத் தொடர்ந்து கவனிக்கும் கண்கள் குறைவாக இருந்தால் அதன் விலை என்ன என்பதை இந்த ஊர் அன்றே பார்த்துவிட்டது.

உங்கள் டைம்லாப்ஸ் இரசாயனத்தைக் கண்டுபிடிக்காது. ஆனால் எந்தக் குழாயில் எப்போது புகை கூடியது, எந்த வளாகத்தின் விளக்கு வானத்தை நோக்கி எரிகிறது என்று தேதியோடும் நேரத்தோடும் சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974ஆம் ஆண்டுக்குரியது. அதில் காற்றுக்கு, ஒலிக்கு, மண்ணுக்கு, உள்நாட்டு நீர்நிலைகளுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஒளிக்கென்று தனிப் பிரிவு இல்லை. 2024இல் இந்தச் சட்டத்தின் அபராதங்கள் கடுமையாக உயர்த்தப்பட்டபோதும் அது மாறவில்லை.

வேறு நாடுகள் இதைச் செய்திருக்கின்றன. தென் கொரியா 2012இல் ஒளி மாசுக்கென்றே சட்டம் இயற்றியது. பிரான்சில் 2013 முதல் கடைகளின் கண்ணாடி முகப்பு விளக்குகள் நள்ளிரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும். இந்தியாவில் லடாக்கின் ஹன்லே பகுதி 2022இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பாசிர் கூடாங்கை ஹன்லே ஆக்க முடியாது. ஆனால் புதிதாகக் கட்டப்படும் வளாகத்தின் விளக்குகளுக்கு மூடி வேண்டும் என்று கட்டுமான அனுமதிக் கட்டத்திலேயே கேட்க முடியும். 2020 நவம்பரில் மாநகர் தகுதி பெற்ற ஊர் இது. கேட்க வேண்டிய இடம் மாநகர் மன்றம்.

எடுக்கும் உங்களுக்கும் சட்டம் உண்டு. துப்பாக்கி ஏந்திய காவலர் உருவம் போட்ட சிவப்புப் பலகையை வேலிகளில் பார்த்திருப்பீர்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதற்கான அறிவிப்பு அது. அங்கே முக்காலியை விரிக்காதீர்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முதலில் பாருங்கள். நீரிணைக்கு அப்பால் சாங்கி விமான நிலையம் இருப்பதை மறக்க வேண்டாம். உங்கள் வீட்டு மாடியோ பொதுப் பூங்காவோ போதும்.

சாட்சியாகும்படி எடுப்பது எப்படி?

ஒரே இடம், ஒரே திசை. மாதம் ஒருமுறை, முடிந்தால் அமாவாசையை ஒட்டி. நிலவு இல்லாத இரவில் வானத்தில் தெரியும் மிச்ச வெளிச்சம் பெரும்பாலும் மனிதர்கள் போட்டது. காலண்டரில் அமாவாசை எப்போது என்று வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஒரே செட்டிங். ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ, வெள்ளைச் சமநிலை எதையும் தானியங்கியில் விடாதீர்கள். தானியங்கிக் கேமரா வானம் வெளிச்சமானால் தானே சரிசெய்துகொள்ளும். போன வருஷமும் இந்த வருஷமும் ஒன்று போலவே தெரியும்.

அசல் படங்களை அழிக்காதீர்கள். வீடியோவாக மாற்றிய பிறகு இடம் மிச்சம் பிடிக்க 300 படங்களையும் நீக்கத் தோன்றும். குறைந்தது பத்துப் படத்தையாவது ரா ஃபைலாகவே வைத்திருங்கள். நேரமும் செட்டிங்கும் அதில் பதிவாகியிருக்கும். சமூக ஊடகத்தில் ஏற்றிய பிரதியில் அவை பெரும்பாலும் நீங்கிவிடும்.

பதிவேற்றும்போது ஒரு வரி எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை மடங்கு வேகம், நிறம் திருத்தப்பட்டதா இல்லையா. இந்த ஒரு வரி இருந்தால், ஆலைத் தீயைக் காட்டும் உங்கள் வீடியோவை யாரும் வெடிப்பு என்று சுலபமாகச் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்ததையும் பதிவு செய்யுங்கள். 2006 முதல் நடந்துவரும் 'குளோப் அட் நைட்' என்ற பொதுமக்கள் அறிவியல் திட்டத்துக்கு, போனிலிருந்தே உங்கள் ஊர் வானத்தைப் பற்றி அனுப்பலாம். மேலே சொன்ன 2023 ஆய்வுக்கு உதவியவை அந்தப் பதிவுகள்தான். நம் வட்டாரத்திலிருந்து பதிவுகள் குறைவு என்ற குறையை அடைக்கும் வழியும் அதுதான்.

கேமராவே இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை. நம் கல்யாணங்களில் மணமக்களுக்கு அருந்ததி காட்டுவார்கள். பகல் முகூர்த்தத்தில்கூட மேலே கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறோம். அருந்ததி நிஜமாகவே இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே பாருங்கள். ஏழு நட்சத்திரங்கள் கவிழ்த்து வைத்த அகப்பை மாதிரி நிற்கும். அதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பைக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக ஒரு துணை நட்சத்திரம் தெரிந்தால் அது அருந்ததி.

நல்ல வானத்தில் அதைப் பார்க்கச் சிரமமே இருக்காது. வெளிச்சமான தொழில் நகரத்தில் அது கண்ணுக்குத் தெரியும் எல்லையில் நிற்கும். இந்த வருஷம் உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம், அதே இடத்தில் மறுபடியும் பாருங்கள்.